கோட்டுக்குள் வந்த நைனா

செஞ்சி ஊர் முழுக்கக் கேட்கும்படி முட்டாளானவன் நான். மற்றவர்கள் தங்கள் முட்டாள்தனத்தை வீட்டுக்குள்ளோ, அதிகம் போனால் தெருவுக்குள்ளோ வைத்துக்கொள்கிறார்கள். என்னுடையது மட்டும் ஹாரன் ஸ்பீக்கர் வழியாக பஸ் ஸ்டாண்டு வரைக்கும், காற்று தோதாக அடித்தால் சிங்கவரம் போகிற பாதை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அந்த மைக்கின் நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. துருப்பிடித்த கம்பி வலை, அதன்மேல் சுற்றிய சிவப்புத் துணி, அந்தத் துணியில் எனக்கு முன்னால் பேசிய அத்தனை பேருடைய எச்சிலும் காய்ந்து ஊறிய புளிப்பு. அதன் அருகே வாயைக் கொண்டுபோனதும் என் மூளை வேலை முடிந்துவிட்டதாக நினைத்து வெளியே கிளம்பிவிடும்.

எங்கள் நடுநிலைப்பள்ளியில் காலைப் பிரார்த்தனை முடிந்ததும் ஒரு மாணவன் மைக்கில் இரண்டு சமாசாரங்களை வாசிக்க வேண்டும். முதலாவது 'சாதனை': எவன் ஓட்டத்தில் ஜெயித்தான், எவள் கோலப்போட்டியில் பரிசு வாங்கினாள் என்பது. அடுத்தது 'வீட்டாருக்கு நினைவூட்டல்': பேன் பார்த்து அனுப்பவும், நகம் வெட்டி அனுப்பவும், கூட்டத்துக்குத் தவறாமல் வரவும். ஸ்பீக்கரைத் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் கட்டியிருந்ததால் கடிதம் கொடுத்தனுப்பும் வழக்கமே கிடையாது; அவரவர் வீட்டு அடுப்படியிலேயே செய்தி வந்து விழும். ஏழாம் வகுப்பில் அந்த வேலை எனக்குக் கிடைத்தது. எழுதிக் கொடுத்ததை மட்டும் வாசித்திருந்தால் நான் இன்றைக்குக் கலெக்டராகியிருப்பேன். நானோ, "பேன் பார்த்து அனுப்பவும், முக்கியமாக ஆறாம் வகுப்பு மூன்றாம் பெஞ்சு" என்று சொந்தச் சரக்கைச் சேர்த்தேன். மூன்றாம் பெஞ்சின் அம்மா ஒருத்தி துடைப்பத்தோடு வந்து, கொடிக்கம்பத்தைச் சுற்றிச் சுற்றி என்னைத் துரத்தினாள். தலைமையாசிரியர் குறுக்கே வந்து தடுக்கவில்லை. அவருக்கும் அது தேவையாகத்தான் இருந்தது.

அடி என்பது எங்கள் பள்ளியில் காற்று மாதிரி எல்லா இடத்திலும் இருந்தது. பிரம்பு மேசைமேல் இருந்தது, செஞ்சிக் கோட்டைக் குரங்குகள் சோற்று டப்பாவைப் பிடுங்கும்போது கன்னத்தில் அறைந்துவிட்டுப் போயின, மைதானம் என்ற பெயரில் இருந்த கல்லுத்தரை விழுந்தவனின் முட்டித் தோலைச் சீவி எடுத்துக்கொண்டது. அந்தக் கல்லுத்தரையில்தான் எட்டாம் வகுப்புப் பெண்களின் கபடி அணி பழகியது. அதில் கால் பிடிக்கிறவள் என் அக்கா சகாயமேரி.

அக்காவுக்கு ஓடத் தெரியாது, தாண்டத் தெரியாது. ஆனால் 'கபடி கபடி' என்று பாட்டுப் பாடிக்கொண்டு ஏறி வருகிறவளின் கணுக்காலை அவள் ஒருமுறை தொட்டுவிட்டால், அந்தக் கால் அவளுக்கே எழுதிக் கொடுத்தது மாதிரிதான். அவள் விழுந்து பிடித்த அடுத்த நொடியில் மற்ற ஆறு பேரும் மேலே பாய வேண்டும். பி.டி. டீச்சர் அப்படிப் பழக்கியிருந்தார். "ஒருத்தி கால புடிச்சா மத்தவளுங்க யோசிக்கக் கூடாது. யோசிக்கிறவ முதுகுல விசில் கயிறு வுழும்" என்பார், விழவும் விழும். அதனால் அந்தப் பெண்கள் யோசிப்பதையே விட்டிருந்தார்கள்.

இதெல்லாம் நாங்கள் 'நைனா' என்று கூப்பிடும் எங்கள் அப்பாவுக்குத் தெரியாது. அவர் மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர். அறுவடைக் காலத்தில் நெல்லும், 'மல்லாட்டை' என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையும் வந்து குவியும்போது, மூட்டைகளை விளையாட்டுச் சாமான் மாதிரி தோளில் போட்டுக்கொண்டு நடப்பார். அதே தோள் எங்களை அடிக்கும்போதும் களைத்ததில்லை. அக்கா பெரியவளானதும், "ட்ரவுசர் மாட்டினு ஊரு முன்னாடி பொரள்ற வேலையெல்லாம் இத்தோட வுட்டுடணும், இவ ஆடுறான்னு காதுல வுழுந்துது, காலு இருக்காது" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னால் செய்கிற மனிதர். அக்கா விடவில்லை. தையல் வகுப்பு என்று சொல்லிவிட்டு மாலையில் ஆடினாள், முட்டிக் காயத்துக்குக் கோயில் படியில் வழுக்கியதாகக் காரணம் சொன்னாள். மாதா கோயில் படி அந்த வருஷம் எங்கள் வீட்டில் வாங்கிய திட்டுக்கு அளவில்லை.

குறுவட்டப் போட்டியின் கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்திலேயே நடந்தது. எதிரணி வல்லத்துப் பக்கத்துப் பள்ளி. ஜெயிக்கிற அணிக்கு விழுப்புரத்தில் மாவட்டப் போட்டி. அக்கா அதுவரை விழுப்புரம் பார்த்ததில்லை. அந்த ஒரு பஸ் பயணத்துக்காகத்தான் அத்தனை காயத்தையும் வாங்கிக்கொண்டிருந்தாள். ஆட்டத்தை மைக்கில் வர்ணிக்கிற வேலை எனக்கு. முதல் நாளே அக்கா என் காதைப் பிடித்துத் திருகி, "எம் பேரு மைக்ல வந்துது, ஒம் பல்லு கைல வரும்" என்றாள். "நாலாம் நம்பர்னு மட்டும் சொல்றேங்க்கா" என்று மாதாமேல் சத்தியம் செய்தேன்.

கடைசிப் பாட்டு வரைக்கும் என் சத்தியம் உயிரோடு இருந்தது. இரண்டு பக்கமும் சம பாயிண்ட். வல்லத்து அணியில் பனைமரம் மாதிரி ஒரு நெட்டைப் பெண் இருந்தாள். அவள் ஏற்கெனவே எங்கள் பெண்ணொருத்தியின் மூக்கை உடைத்து உட்கார வைத்திருந்தாள், பதிலுக்கு வேறொருத்தி இறங்கியிருந்தாள். அந்த நெட்டைதான் கடைசியாக ஏறி வந்தாள். அக்கா தரையோடு தரையாகப் பாய்ந்து வலது கணுக்காலைப் பிடித்தாள். நெட்டை விழவில்லை. மற்றக் காலால் அக்காவின் தோளில் மிதித்துக்கொண்டே நடுக்கோட்டை நோக்கி இழுத்தாள். ஆறு பேர் மேலே தொங்கியும் அவள் நகர்ந்தாள். அக்காவின் மோவாய் கல்லில் தேய்ந்து, அவள் வந்த வழியெல்லாம் சிவப்பாகக் கோடு விழுந்தது. கோட்டுக்கும் நெட்டையின் விரலுக்கும் ஒரு சாண் இருக்கும்போது என் மூளை வெளியே போய்விட்டது.

"சகாயமேரி! உடாத! எக்கா, உடாத! நம்ம நைனா மேல சத்தியமா உடாத!"

அவள் விடவில்லை. விசில் கேட்டது. நாங்கள் ஜெயித்தோம். கமிட்டியில் நைனா தோளிலிருந்த மூட்டையைக் கீழே போட்டார்.

அவர் வந்து சேரும்போது அணிப் பெண்கள் கோட்டுக்குள்ளேயே கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். வழியில் எவன் வேலியிலோ உருவிய சவுக்குக் கட்டை கையில் இருந்தது. அக்காவின் சடையைப் பிடித்து வெளியே இழுத்து, முதுகில் இரண்டு போட்டார். அந்தச் சத்தம் என் மேசைமேல் இருந்த மைக்கில் விழுந்து ஊருக்கும் போனது. அக்கா கையைக்கூட உயர்த்தவில்லை. அவருடைய அடியை எப்படி வாங்க வேண்டும் என்று எங்களுக்குப் பழக்கம். பி.டி. டீச்சர் ஓடிவந்து கட்டையைப் பிடித்தார். நைனா ஒரு உதறு உதறியதில் டீச்சர் போய் விழுந்தார். பிறகு அவர் பார்வை என்மேல் திரும்பியது.

"நீயும் கூட்டாடா? எம்மேலியே சத்தியம் பண்றியா?"

கட்டை மேலே போனது. நான் நாற்காலியிலேயே ஒட்டிப்போய் உட்கார்ந்திருந்தேன், மைக்கைக் கெட்டியாகப் பிடித்தபடி. என்னை அடிக்க அவர் குறுக்கு வழியாகக் கோட்டைத் தாண்டி ஆடுகளத்துக்குள் கால் வைத்தார்.

தனக்கு விழுந்த அடிக்கு அசையாத அக்கா, அப்போது பாய்ந்தாள். வலது கணுக்கால். மூட்டை சுமந்து சுமந்து தேக்குக் கட்டையாகிப்போன கால் அது. அவள் பிடித்ததைப் பார்த்ததும் மற்ற ஆறு பேரும் யோசிக்கவில்லை. யோசித்தால்தான் விசில் கயிறு விழுமே. பாய்ந்தார்கள். செஞ்சி மார்க்கெட்டில் யாரும் சாய்த்துப் பார்க்காத மனிதர் மல்லாக்க விழுந்தார், கணுக்காலில் 'மடக்' என்று ஒன்று கேட்டது. மேலே மூன்று அடுக்காக எட்டாம் வகுப்பு. நடுவராக வந்திருந்த சார் பழக்க தோஷத்தில் விசிலை ஊதிவிட்டார். விசில் கேட்டால் என் வாய் என்ன சொல்லுமோ அதைச் சொன்னது. மைதானமே மூச்சை அடக்கி நின்ற அந்த அமைதியில், ஸ்பீக்கர் ஊருக்கெல்லாம் அறிவித்தது:

"நம்ம அணிக்கு ஒரு பாயிண்ட்!"

வல்லத்துக்காரர்கள் கைதட்டினார்கள்.

நைனாவைத் தள்ளுவண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். முட்டையும் உளுந்து மாவும் பூசி மூங்கில் தப்பை வைத்துக் கட்டிய காலோடு அவர் கட்டிலில் கிடந்தார். எழுந்திருக்க முடியாததால் கைக்கு எட்டியதையெல்லாம் எங்கள்மேல் எறிந்தார்: சொம்பு, செருப்பு, ரேடியோ. வீட்டுக்குள் நான் சுவரை ஒட்டியே நடக்கக் கற்றுக்கொண்டது அப்போதுதான். "இனிமே அவளுக்குப் பள்ளிக்கூடமும் கெடயாது, விழுப்புரமும் கெடயாது. வாசல தாண்டுனா வெட்டிப் போட்டுடுவேன்" என்றார். சொன்னால் செய்கிற மனிதர் என்று முன்பே சொன்னேன். வீட்டுக்கு வந்து கெஞ்சிய பி.டி. டீச்சர்மேல் ஊன்றுகோல் பறந்தது. அந்த வார நினைவூட்டலைத் தலைமையாசிரியர் தம் கையாலேயே எழுதி, ஒரு எழுத்துக்கூடச் சேர்க்கக் கூடாது என்று பிரம்பைக் காட்டி என்னிடம் கொடுத்தார். நானும் என் வாழ்க்கையில் முதல்முறையாக உள்ளதை உள்ளபடி வாசித்தேன்: "போட்டி பார்க்க வரும் வீட்டார் கோட்டுக்கு வெளியே நிற்கவும்." நைனா கட்டிலில் இருந்தபடி அதைக் கேட்டார். அன்றைக்குத்தான் ரேடியோ போனது.

மாவட்டப் போட்டியன்று காலை அக்கா பையை எடுத்துக்கொண்டு உள்ளறையிலிருந்து வந்தாள். நைனா கட்டிலைப் பிடித்து எழுந்தார், ஊன்றுகோலைத் தேடினார். அதைக் காணவில்லை. அது பரண்மேல் இருந்தது. ஏற்றி வைத்த அம்மா, அடுப்பை ஊதிக்கொண்டு புகைக்குள் முகத்தை வைத்திருந்தாள். நைனா ஒரு அடி வைத்தார், வலியில் அலறி உட்கார்ந்தார். அக்கா அந்தக் காலையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வாசலைத் தாண்டினாள். துரத்திப் பிடிக்க அவரிடம் கால் இல்லை. அதை அவள் முன்கூட்டியே பிடித்து வைத்துவிட்டாள்.

விழுப்புரத்தில் அரையிறுதியில் தோற்றார்கள். விளக்கு வைக்கும் நேரத்துக்கு அக்கா வந்தாள், புருவத்தில் தையல், கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர். நைனாவின் கை சொம்பின்மேல் இருந்தது. நான் சுவரோடு சுவரானேன்.

"எவ அடிச்சது?" என்றார் நைனா.

"திண்டிவனத்துக்காரி."

"நீ?"

"அவ மூக்குல."

நைனா சொம்பை விட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை அக்கா பள்ளிக்கூடம் போனாள். ஆனால் கமிட்டியில் அவர் பெயர் நிரந்தரமாக 'ஒரு பாயிண்ட்' ஆகிவிட்டது. அப்படிக் கூப்பிட்ட இரண்டு பேரின் பல்லைக் கழற்றினார். மூன்றாவது ஆளிலிருந்து திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்.

இப்போது தண்ணீர்த் தொட்டியில் ஸ்பீக்கர் இல்லை. கல்லுத்தரையின் பாதியில் கட்டடம் வந்துவிட்டது. பிரம்பைப் பார்க்காத பிள்ளைகள் படிக்கிறார்கள், அதற்காக நான் கண்ணீர் விடப் போவதில்லை. சாதனையும் நினைவூட்டலும் போனில் டிங் என்று வந்து விழுகின்றன. பேன் விஷயம் ஒரு தெருவுக்கும் தெரியாமல் அந்த வீட்டோடு முடிந்துவிடுகிறது. பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கும் நான் அதற்கெல்லாம் ரீசார்ஜ் போட்டுச் சம்பாதிக்கிறேன். அக்கா செருப்புக் கம்பெனி வேனில் வேலைக்குப் போய்வருகிறாள். அவள் மகள் அதே பள்ளியில் கால் பிடிக்கிறாள். நைனா சில மாலைகளில் போய்ப் பார்க்கிறார், கோட்டிலிருந்து நன்றாகத் தள்ளி நாற்காலி போட்டு, வலது காலை நாற்காலிக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டு.

நேற்று போனில் நினைவூட்டல் வந்தது: நாளை கபடிப் போட்டி, வீட்டார் கோட்டுக்கு வெளியே நிற்கவும். தலைமையாசிரியர்கள் எத்தனையோ பேர் மாறியும் அந்த வரி மட்டும் மாறவில்லை. எனக்குள் பழைய அரிப்பு எழுந்தது. உடனே அக்காவுக்குப் போன் போட்டு, "எக்கா, நாளைக்கி நானே மைக் புடிக்கட்டுமா, ஹெட்மாஸ்டரு நம்ம கடை கஸ்டமருதான்" என்றேன்.

"புடி, ஆனா ஒங் கணுக்காலு பத்திரம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.