பாதி விமானத்தின் மூன்று பங்காளிகள்

போன வாரம் ஜெர்மனியில், டோர்ட்முண்டிலிருந்து எங்கள் ஊர் ஹம்முக்குத் திரும்பும் ரயிலில், எதிர் இருக்கையில் இருந்த தமிழ்ப் பெண் நகப்பூச்சுப் புட்டியைத் திறந்தாள். பெட்டி முழுக்க வாசனை. நான் நிமிர்ந்து பார்த்ததை முகச்சுளிப்பு என்று நினைத்துவிட்டாள்.

"மணம் ஒத்துவரேல்லையோ அங்கிள்? மூடட்டோ?" என்றாள்.

"வேண்டாம்மா, பூசு" என்றேன். எனக்கு அந்த மணம் ஒத்துவராமல் இல்லை. ரொம்பவே ஒத்துவந்துவிட்டது. விமானத்தின் இறக்கை மேல் துணியை இழுத்துப் போர்த்தி, அது மத்தளத்தோல் மாதிரி விறைப்பதற்காக ஒரு பூச்சு பூசுவார்கள். அதற்கும் இதே வாசனைதான். இந்த ஊரில் ஒரு காலத்தில் நான் ஒரு விமானத்தின் பங்காளி என்று அவளிடம் சொல்லியிருந்தால், பாவம், அடுத்த ஸ்டேஷனில் இறங்கிப் பெட்டி மாறியிருப்பாள். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

அறுபதுகளின் கடைசியில் திருச்சியிலிருந்து வந்தவன் நான். ஒரு கம்பி ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை. கம்பியை இழுத்துக்கொண்டே போய், எந்த இடத்தில் அறுகிறது என்று பார்க்க வேண்டும். நாள் முழுக்க எதையாவது அறுத்துக்கொண்டிருந்தால் மனசு எங்கே ஓரிடத்தில் நிற்கும்? இருப்புக் கொள்ளாது. வருஷத்துக்கு ஒரு தடவை அறை மாற்றுவேன். புது அறையிலும் அதே ஈரச் சுவர்தான், அதே முட்டைகோஸ் வாடைதான். சனிக்கிழமைகளில் ஸ்டேஷனுக்குப் போய் பிளாட்பாரத்தில் நிற்பேன். பெர்லின், கொலோன் என்று பலகையில் பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும். நான் காப்பியைக் குடித்துவிட்டு அறைக்குத் திரும்புவேன்.

அப்படி ஒரு சனிக்கிழமை, மளிகைக் கடைச் சுவரில் கையால் எழுதிய அறிவிப்பு ஒன்றைப் பார்த்தேன். என் ஜெர்மன் அப்போது அரைவேக்காடு. 'விமானம்', 'பாதி', 'செலவைப் பகிர' ஆகிய மூன்றும் புரிந்தன. அரைக் கட்டணத்தில் ஊருக்குப் போக யாரோ கூட்டுச் சேர்க்கிறார்கள் என்று முடிவு கட்டிக்கொண்டு, தலைவாரி, டை கட்டி, அந்த முகவரிக்குப் போய் மணியை அடித்தேன்.

கதவைத் திறந்தவர் எல்ஃப்ரீடா. நாற்பதை நெருங்கும் வயது, உயரம், வாயில் இரண்டு குண்டூசி. திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை பார்த்தார். ஒன்றும் கேட்காமல் என்னைக் கொல்லைப்புறத்து வண்டிக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். அங்கே மரச்சட்டங்களால் ஆன ஒரு பெரிய மீன்முள் மாதிரி, பாதி கட்டிய விமானம் கிடந்தது. நான் அதைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, கேட்க வந்ததைக் கேட்டேன்.

"எப்போது கிளம்பும்?"

குண்டூசியை வாயிலிருந்து எடுத்தார். "நீங்க சேர்ந்தீங்கன்னா, இரண்டு வருஷத்துல" என்றார்.

அவர் கேலி செய்யவில்லை. நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன். ஏன் என்று இன்றுவரை தெரியாது. கிணற்றை எட்டிப் பார்த்தாலே தலை சுற்றுகிற ஆள் நான்.

கல்யாணத்துக்கு முன்னால் எல்ஃப்ரீடா எஞ்சினில்லாத கிளைடர் விமானம் ஓட்டியவர். கல்யாணமானதும் கணவர் டீட்டர், "ஒரு வீட்டுக்கு ஒரு பைலட் போதும்" என்று சொல்லிவிட்டு இந்த விமானத்தைத் தனக்காகக் கட்ட ஆரம்பித்தார். பாதியில் வேறொருத்தியுடன் போய்விட்டார். மீன்முள் மிஞ்சியது. எல்ஃப்ரீடா அதை விற்கவில்லை. தனியாக முடிக்கப் பணமும் இல்லை. அதற்காகத்தான் அந்த அறிவிப்பு.

மூன்றாவது பங்காளியை நான்தான் பிடித்தேன். சிவபாதம் அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். பொறியியல் படிக்க வந்து, பக்கத்து ஊர் இயந்திரத் தொழிற்சாலையில் வரைபடக்காரராகத் தங்கிவிட்டவர். எதற்கும் முதலில் 'ஏலாது', முடியாது என்பார்; பிறகு 'ஓம்', சரி என்று சொல்லிச் செய்வார்.

"ஐசே, உமக்கென்ன விசரோ? ஒரு தையல்காரி, ஒரு கம்பி அறுக்கிறவன், பிளேன் கட்டப் போறியளோ? என்னாலை ஏலாது" என்றார். அடுத்த ஞாயிறு அளவுகோலோடு வந்து நின்றார்.

அந்த இலையுதிர்காலத்தில் பரிசோதகர் வந்தார். வீட்டில் கட்டும் விமானமானாலும் ஒவ்வொரு கட்டத்தையும் ஒருவர் பார்த்து முத்திரை போட்டால்தான் அடுத்த வேலையைத் தொடலாம். அவர் ஒரு சிறு சுத்தியலால் ஒட்டுகளைத் தட்டிக்கொண்டே போனார். பிறகு உளியை ஒரு மூட்டில் வைத்து லேசாக நெம்பினார். அப்பளம் உடைவதுபோல் படக்கென்று விட்டது. இன்னொன்று. அதுவும் விட்டது. டீட்டர் பசையைக் கடுங்குளிரில் போட்டிருக்கிறார். அது பிடிக்கவே இல்லை.

"இதுல ஒண்ணும் தேறாது. வரைபடமும் இரும்புச் சாமானும் சக்கரமும் மட்டும் வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

பாதி விமானத்தை முடிக்கச் சேர்ந்தவர்களுக்கு இப்போது முழு விமானம். செலவும் இரட்டை. சிவபாதம் அண்ணை தம்பியை மேற்படிப்புக்கு லண்டன் அனுப்பும் கவலையில் இருந்தார். "நான் விலகிறன். குறை நினையாதேங்கோ" என்றார். எல்ஃப்ரீடா கோடாலியை எடுத்து வந்து அந்த மீன்முள்ளைப் பிளக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு, குளிருக்காகவா வேறெதற்காகவா தெரியவில்லை, நாங்களும் கை கொடுத்தோம். அந்தக் குளிர்காலம் முழுக்க கொட்டகை அடுப்பில் எரிந்தது டீட்டரின் விமானம்தான். அந்தச் சூட்டில்தான் எங்கள் பசை ஒழுங்காகப் பிடித்தது. விலகுகிறேன் என்றவர் விலகுவதைப் பற்றிப் பேசிக்கொண்டே சட்டம் அறுத்துக்கொண்டிருந்தார். அன்று முதல் எல்ஃப்ரீடா எங்களை மரியாதைப் பன்மையிலிருந்து 'நீ'க்கு இறக்கிக்கொண்டார். இந்த நாட்டில் அது சின்ன விஷயம் இல்லை.

அடுத்த வருஷம் எலும்புக்கூடு எழுந்து, எல்ஃப்ரீடா இறக்கைக்குத் துணி தைத்துக்கொண்டிருந்தபோது டீட்டர் வந்தார். ஊர்வாய் அவருக்கும் சேதி சொல்லியிருந்தது. நல்ல கோட்டு, நல்ல சிரிப்பு. விமானத்தைச் சுற்றி வந்து அதன் விலாவில் தட்டிக்கொடுத்தார்.

"என் விமானத்தை நல்லா பாத்துக்கிட்டீங்க. வண்டி அனுப்பறேன்" என்றார்.

எல்ஃப்ரீடா ஊசியை நிறுத்தவே இல்லை.

"உன் விமானத்தை எரிச்சாச்சு டீட்டர். பரிசோதகரைக் கேட்டுப் பார். இது எங்களோடது."

டீட்டருக்குச் சிரிப்பு வடிந்தது. மூலைமூலையாகப் பார்த்தார். கடைசியில் சக்கரங்களைக் கண்டுபிடித்தார். "இது நான் வாங்கினது" என்று இரண்டையும் கழற்றி, கக்கத்துக்கு ஒன்றாக இடுக்கிக்கொண்டு போனார். அந்த நல்ல கோட்டில் கிரீஸ் அப்பியிருந்தது.

விமானம் கட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. எல்ஃப்ரீடா அப்போதுதான் ஊசியைக் கீழே வைத்தார். சிவபாதம் அண்ணைக்கு வந்ததே கோபம்!

"சில்லைக் கழட்டிக்கொண்டு போறானோ? போகட்டும். சில்லு நான் வாங்கித் தாறன்!" என்று தமிழிலேயே கத்தினார். எல்ஃப்ரீடாவுக்கு நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. விலகும் பேச்சு அன்றோடு போயிற்று.

எஞ்சினுக்கு, அப்போது இந்த நாட்டுத் தெருவெல்லாம் வண்டுபோல் ஊர்ந்துகொண்டிருந்த குட்டிக் காரின் பழைய எஞ்சின் ஒன்றைப் பக்கத்துக் கிராமத்தில் பேசி முடித்தோம். எடுத்து வர வேண்டிய நேரத்தில் உலகமெங்கும் பெட்ரோல் தட்டுப்பாடு. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை. எங்களுக்கோ ஞாயிறு மட்டும்தான் ஓய்வு. ஒரு கைவண்டியில் எஞ்சினைக் கட்டி, வெறிச்சோடிய நெடுஞ்சாலையின் நடுவே மூவரும் இழுத்து வந்தோம். எங்களைச் சுற்றிக் குழந்தைகள் சக்கரக் காலணியில் ஸ்கேட்டிங் செய்தன. ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார்.

"இன்னிக்கு மோட்டார் ஓட்டக் கூடாது."

"நாங்க ஓட்டலை, இழுத்துட்டுப் போறோம்" என்றார் எல்ஃப்ரீடா.

போலீஸ்காரர் யோசித்துப் பார்த்து, மேட்டில் ஒரு கை தள்ளியும் விட்டார்.

அதற்கடுத்த கோடையில், ஊருக்கு வெளியே ஒரு புல்வெளி ஓடுபாதையிலிருந்து விமானம் பறந்தது. முதலில் எல்ஃப்ரீடா தனியாக. சிவபாதம் அண்ணை புல்லில் குந்தியிருந்து, மற்றவர்கள் வானத்தைப் பார்க்க, தன் சில்லுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். சில வாரங்கள் கழித்து என் முறை வந்தது. புல்வெளி கீழே விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும். நாங்கள் ஏறியதாக எனக்குத் தோன்றவில்லை. கண்ணைத் திறந்தபோது லிப்பே ஆறு, கால்வாய், நிலக்கரிச் சுரங்கக் கோபுரங்கள், விசிறிபோல் விரிந்துகிடந்த சரக்கு ரயில் யார்டு.

"எந்தப் பக்கம் போகணும்?" என்று எல்ஃப்ரீடா எஞ்சின் இரைச்சலுக்கு மேல் கத்தினார்.

வருஷக்கணக்காக எங்காவது போய்விட வேண்டும் என்று பிளாட்பாரத்தில் நின்றவனுக்கு ஒரு திசையும் வாயில் வரவில்லை. நான் குனிந்து என் வாடகை அறையின் கூரையைத் தேடிக்கொண்டிருந்தேன். அகப்பட்டதும், குழந்தைபோல் அதைக் காட்டிக் கத்தினேன். அவர் அதைச் சுற்றி வளைத்து ஒரு வட்டம் அடித்தார்.

சிவபாதம் அண்ணை சில வருஷங்களில் கனடா போனார். பங்கைப் பற்றிக் கேட்டதற்கு, "என்ர பங்கு சில்லு மட்டுந்தான். அது நிலத்திலை நிக்கிற சாமான், நிக்கட்டும்" என்றார். எல்ஃப்ரீடா வடக்கே கடலோர ஊருக்கு மாறியபோது விமானமும் அவரோடு போயிற்று. ஒரு புயலில் கொட்டகைக் கூரை அதன் மேல் விழுந்தது. அவரும் இப்போது இல்லை. சுரங்கங்களை மூடிவிட்டார்கள். யார்டில் பாதித் தண்டவாளங்களைப் பிடுங்கிவிட்டார்கள், மீதியின் நடுவே பிர்ச் மரங்கள் முளைத்திருக்கின்றன. வண்டிக் கொட்டகை இருந்த இடத்தில் கார் கழுவுகிறார்கள்.

சிவபாதம் அண்ணை டொரான்டோவில் காலமானதை அவருடைய மகள்தான் போனில் சொன்னாள். அழுதுமுடித்துவிட்டு, போனை வைக்குமுன் ஒன்று கேட்டாள்.

"அப்பா ஜேர்மனியிலை பிளேன் கட்டினவர் எண்டு சொல்லுவார். நாங்கள் பகிடி எண்டு சிரிக்கிறனாங்கள். உண்மையோ அங்கிள்? படம் ஏதும் இருக்கோ?"

படம் எதுவும் இல்லை. மூன்று பேர் கையிலும் எப்போதும் ஏதாவது வேலை இருந்தது, யாரும் கேமராவைத் தூக்கவில்லை. அதைச் சொன்னேன்.

"ஆனா கட்டினது உண்மையோ?"

"ஓம்" என்றேன், அவர் சொல்வதுபோலவே.