சர்வர் சொன்னதை நம்பாத சேவியர் அண்ணன்

சேவியர் அண்ணன் போய்விட்டார் என்று கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் நம்பவில்லை. யார் எதைப் பரப்புகிறார்களோ என்று அவர் எண்ணுக்கே அடித்தேன். அவர் மனைவி எடுத்து, ராத்திரி நெஞ்சு வலி வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது என்று சொல்லி அழுதார். அப்போதும் எனக்கு மனசு ஒப்பவில்லை.

திருப்பூர் முதலிபாளையத்தில் எங்கள் பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவு என்றால் நாங்கள் இருவர்தான். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம் அவருடையது. எதையும் சந்தேகப்படுவார். கேண்டீன் டீயில் சர்க்கரை போட்டாயிற்று என்று சொன்னாலும் கரண்டியால் அடியைக் கிளறிப் பார்ப்பார். கம்பெனிக்காரர்களான உங்களில் பலர் அதைச் சொல்லிச் சிரித்திருப்பீர்கள்.

எங்கள் பில்லிங் புரோகிராமில் போடும் பில், கணக்கு சாஃப்ட்வேரிலும் தானாகப் போய் ஏற வேண்டும் என்று முதலாளி கேட்டார். ஒரு சாஃப்ட்வேர் இன்னொன்றோடு பேச ஏபிஐ என்று ஒரு வழி உண்டு. பிஎச்பி என்ற கம்ப்யூட்டர் மொழியில் சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதினால் போதும். நான் எழுதினேன். உள்ளே விடக் கேட்கும் டோக்கன் தகராறெல்லாம் தீர்ந்து, ஒருநாள் மத்தியானம் முதல் பில் போய்ச் சேர்ந்ததாகச் சர்வரிலிருந்து பதில் வந்தது. வந்திருச்சு என்று நான் துள்ளினேன்.

"வந்துட்டுன்னு யாரு சொன்னா?" என்றார் சேவியர் அண்ணன்.

சர்வர் சொல்லுது என்றேன்.

"சர்வர் ஒனக்கு மாமனா மச்சானா? அது சொன்னா நம்பிருவியா பிள்ள?"

கணக்கு சாஃப்ட்வேரைத் திறந்து காட்டினார். பில் எங்கள் கணக்கில் இல்லை. சோதித்துப் பார்க்க வைத்திருந்த டெமோ கம்பெனியில் போய் உட்கார்ந்திருந்தது. எனக்கு முகம் சுண்டிவிட்டது. மனுஷன் ஒரு வார்த்தை பாராட்டினால் என்ன என்று எரிச்சலாகவும் இருந்தது.

எல்லாம் சரியாகி ஓடத் தொடங்கிய கொஞ்ச நாளில் அந்த வினை வந்தது. காதர்பேட்டை பனியன் மார்க்கெட்டில் எங்களிடம் சரக்கு எடுக்கும் ஒரு பார்ட்டிக்கு நாங்கள் கொடுத்த ரேட் அப்படியே அடுத்த பார்ட்டிக்குத் தெரிந்துபோனது. அவருக்கு மட்டும் குறைச்சலா என்று ஒவ்வொருவராகச் சண்டைக்கு வந்தார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். குரல் உயரவே இல்லை.

"நீங்க புரோகிராம் போட்டதுக்கப்புறந்தானுங்க கண்ணு ரேட்டு வெளிய போகுது."

அந்த மரியாதையிலேயே என்னைத்தான் சொல்கிறார் என்று புரிந்தது. ரேட்டை விற்றவள் என்று பேர் வந்துவிட்டால் திருப்பூரில் எந்தக் கம்பெனியும் என்னை வாசலில் சேர்க்காது. கேண்டீனில் நான் போனால் பேச்சு நின்றது. இரண்டொருவர் மட்டும் தனியாக வந்து, உன்மேல் நம்பிக்கை இருக்கிறது என்று காதோடு சொன்னார்கள். முதலாளி முன்னால் யாரும் வாய் திறக்கவில்லை.

சேவியர் அண்ணன் நம்பிக்கை இருக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. என் லேப்டாப்பைக் கேட்டு வாங்கி, என் எதிரிலேயே ஸ்கிரிப்டை வரி வரியாகப் படித்தார். என் ஆபீஸ் மெயிலைத் திறக்கச் சொன்னார். சர்வர் பதிவுகளைக் கிளறினார். என் வேலையைக் காலி பண்ணத்தான் இவ்வளவு மும்முரமா என்று எனக்கு அவர்மேலேயே சந்தேகம் வந்தது. உள்ளுக்குள் திட்டித் தீர்த்தேன்.

கடைசியில் அவர் தன்னையே ஒரு பார்ட்டியாகச் சேர்த்து, தன் மெயிலைக் கொடுத்து, ஒரு பில் போட்டார். கொஞ்ச நேரத்தில் அவர் போனுக்கு மெயில் வந்தது. ரேட்டோடு முழு பில். ஏபிஐ வழியாக வரும் பில்லைப் பார்ட்டிக்குத் தானாகவே மெயிலில் அனுப்பும் ஏற்பாடு கணக்கு சாஃப்ட்வேரில் இருந்திருக்கிறது. காதர்பேட்டை பார்ட்டிகள் பலருக்கு மெயில் பார்க்கும் பழக்கமே கிடையாது. அவர்கள் எல்லோருக்கும் ஒரே புரோக்கரின் மெயில்தான் போட்டிருந்தது. அப்படிப் போடச் சொன்னது முதலாளியேதான். புரோக்கருக்கு, அவர் கேட்காமலே, எல்லார் ரேட்டும் போய்க்கொண்டிருந்தது. அவர் அதை ஊரெல்லாம் பேசி வியாபாரம் பண்ணியிருக்கிறார்.

மெயிலைக் காட்டிவிட்டு முதலாளியிடம் அண்ணன் சொன்னார்: "இந்தப் பிள்ளைய நான் நம்பல சார். தோண்டித்தான் பாத்தேன். இவ இல்ல."

முதலாளி, நீங்க அப்படிப்பட்ட ஆளில்லைன்னு எனக்கு அப்பவே தெரியுமுங்க கண்ணு என்றார். அதை நான் இன்றுவரை நம்பவில்லை.

வெளியே வந்ததும் அவரை மறித்தேன். "ஏனுங்ணா, என்னையுமா சந்தேகப்பட்டீங்க?" என்று கேட்டேன்.

"ஒன்னத்தான் மொதல்ல. அப்பதான நீ இல்லன்னு நான் அடிச்சுச் சொல்ல முடியும்?"

அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் நல்ல மனுஷன், நல்ல மனுஷன் என்றார்கள். செத்த வீட்டில் வேறு என்ன சொல்வார்கள்? அவர் வேலை பார்த்த விதத்தில் எனக்கென்று நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான்: தோண்டிப் பார்க்காமல் எதையும் நம்பாதது. அவரையும் அப்படியே, பக்கத்து நாற்காலியிலிருந்து, வருஷக்கணக்கில் சந்தேகத்தோடு பார்த்துவிட்டுச் சொல்கிறேன். சேவியர் அண்ணன் நல்ல மனுஷன்.