எல்லாப் பலகையும் சிவந்த மதியம்

எங்கள் தொழிலில் வேலை ஒழுங்காக நடக்கிறது என்பதற்கு ஒரே அடையாளம், நம்மை யாரும் கூப்பிடாமல் இருப்பதுதான்.

பிள்ளையைக் காப்பகத்தில் விட்டுவிட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, போன் அதிரும்போதெல்லாம் காப்பகத்திலிருந்தோ என்று எடுத்துப் பார்க்கிறவர்கள் என்னைத் தவிரவும் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். வீட்டுக்காரர் வள்ளூர்ப் பக்கம் ஷிப்டுக்குப் போயிருக்கிறார். மகள் தியா பக்கத்தில் தூங்குகிறாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

நான் வேலை பார்ப்பது கும்மிடிப்பூண்டியில் ஓர் இறால் பதனிடும் தொழிற்சாலையில். இறாலை உறைய வைக்கக் குழாய்களில் அம்மோனியா ஓடும். அது கசிந்தால் கண்டுபிடிக்க அங்கங்கே சென்சார் உண்டு. முன்பெல்லாம் சென்சாரிலிருந்து நேராக ஒரு ஒயர் போய் ஆலையின் அபாயச் சங்கை ஊதும். புது ஏற்பாடு வேறு. சென்சார் சொல்லும் ஒவ்வொரு சேதியும் ஒரு மென்பொருள் ஓடையில் இறங்கி, அங்கிருந்து ஹால், கேட், காப்பகம் என்று எல்லா இடத்துச் சுவரிலும் உள்ள விளக்குப் பலகைக்கும் போகும். பலகை சிவந்து கீச்சிட்டால் எழுந்து வெளியே போக வேண்டும். அந்த ஓடையை மூன்று கம்ப்யூட்டர்கள் சேர்ந்த ஒரு கூட்டத்தில், கண்டெய்னர் என்று நாங்கள் சொல்லும் தனித்தனி மென்பொருள் பெட்டிகளாக நிறுவி, எது நின்றாலும் சேதி நிற்காது என்று சோதித்துக் காட்டுவது என் வேலை. நான் கையெழுத்துப் போட்டால் சங்கின் ஒயரை வெட்டிவிடுவார்கள்.

அம்மோனியாவை அழுத்தி ஓட்டும் கம்ப்ரஸர் அறைக்கு அடுத்த கட்டடம்தான் தொழிற்சாலையின் குழந்தைகள் காப்பகம். பகல் முழுக்க தியா அங்கேதான் இருக்கிறாள்.

கொன்று பார்ப்பது

ஓடையை நடத்துபவை மூன்று கண்டெய்னர்கள். ஒவ்வொரு சேதிக்கும் மூன்றிலும் நகல் இருக்கும். ஒன்று செத்தால் இன்னொன்று பொறுப்பை எடுத்துக்கொள்ளும். செத்ததற்குப் பதிலாகப் புதிதாக ஒன்று தானாகவே எழும். இதை நம்புவதற்கு ஒரே வழி, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை நாமே கொன்றுவிட்டு, சேதி ஏதாவது தொலைகிறதா என்று பார்ப்பது. முதல் நாள் கொன்றேன். ஒன்றும் தொலையவில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கம்ப்ரஸர் ஆபரேட்டர் தணிகாசலம் அண்ணன் பொதட்டூர்பேட்டைக்காரர். நாஷ்டா டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு என் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடந்ததை விளக்கினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "நல்லா கீறத நீயே சாவடிச்சிட்டு, மத்தது பொழைக்குதான்னு குந்திக்கினு பாக்குறியே, பச்சப்புள்ள வெச்சினுகீறவ பேசுற பேச்சாமா இது?"

மூவரும் ஒரே வீட்டில்

அடுத்த வாரம் மின்சாரம் ஒரு முறை போய் வந்தது. கம்ப்யூட்டர்களில் ஒன்று மட்டும் அணைந்தது. இரண்டு மிச்சம் இருக்கின்றன, எனவே ஓடை ஓட வேண்டும். ஓடவில்லை. மொத்தமாக நின்றுவிட்டது. நல்லவேளையாகச் சங்கின் ஒயர் அப்போது இணைப்பில்தான் இருந்தது.

தேடிப் பார்த்ததில் காரணம் கிடைத்தது. கண்டெய்னர் எந்தக் கம்ப்யூட்டரில் குடியிருக்க வேண்டும் என்பதை அந்தக் கூட்டமே முடிவு செய்யும். வேறு வேறு வீட்டில் இருங்கள் என்று நாம் எழுதி வைக்காவிட்டால், எங்கே இடம் காலியோ அங்கே போய்விடும். ஒவ்வொன்றாகக் கொன்று கொன்று நாங்கள் சோதித்ததில், புதிதாக எழுந்த ஒவ்வொன்றும் அதே காலி வீட்டுக்குக் குடிபோயிருக்கிறது. கடைசியில் மூன்றும் ஒரே கம்ப்யூட்டரில். அணைந்தது அந்தக் கம்ப்யூட்டர்தான். ஒவ்வொரு சோதனையிலும் தேறிக்கொண்டே வந்து, எல்லாவற்றையும் ஒரே கூரைக்குக் கீழே சேர்த்து வைத்திருந்தோம்.

அன்று சாயங்காலம் தியாவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும்வரை காப்பகத்துச் சுவரையே திரும்பித் திரும்பிப் பார்த்தேன். விதியை எழுதிச் சேர்த்து, ஆளுக்கொரு வீடாகப் பிரித்து வைத்த பிறகும் தினமும் அதைத் திறந்து சரிபார்த்தேன். சென்னை அலுவலகத்திலிருந்து மேலாளர் பிரகாஷ் சார் போனில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அதுவரைக்கும் திரையில எல்லாம் பச்சையாத்தானே இருந்துச்சு, ஷீலா?"

ஒன்றுக்கு இரண்டு

சேதியை அனுப்பிய மென்பொருளுக்கு, வந்து சேர்ந்தது என்று பதில் வர வேண்டும். பதில் வழியில் தொலைந்தால், சேதியே தொலைந்தது என்று நினைத்து மறுபடி அனுப்பும். தொலைவதைவிட இரண்டு முறை வருவது மேல் என்பது எங்கள் தொழிலின் கணக்கு. ஆக, ஒரே சோதனைச் சேதிக்குப் பலகை சில சமயம் இரண்டு தடவை கீச்சிட்டது.

இறால் உரிக்கும் ஹாலில் நாற்பது ஐம்பது பெண்கள். பாதிப் பேர் பழவேற்காட்டுக் குப்பங்களிலிருந்து கம்பெனி வேனில் வருகிறவர்கள். ஒரு தடவை ஹாலைவிட்டு வெளியே போனால், திரும்பி வரக் கையுறை, தொப்பி, மேலங்கி எல்லாம் மாற்ற வேண்டும். பூட்ஸோடு மருந்துத் தண்ணீரில் இறங்கி ஏற வேண்டும். அதற்குள் மேஜையில் இருக்கிற இறாலுக்குப் புது ஐஸ் போட வேண்டும். சூப்பர்வைசர் திட்டுவார். நான் மன்னிப்புக் கேட்டபோது செல்வி அக்கா கையிலிருந்த இறாலிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "ஒரு தபா கத்துச்சுன்னா ஓடுவோம் மேடம், ரெண்டு தபா கத்துச்சுன்னா மிசினுதான் பேஜாருன்னு குந்திக்குவோம்."

இதற்கு நிர்வாகம் ஒரு வழி கண்டுபிடித்தது. சோதனை நாளில் காலையிலேயே ஒலிபெருக்கியில் சொல்லிவிடுவார்கள்: இன்று சோதனை, பலகை சிவந்தால் யாரும் எழ வேண்டாம். எல்லோருக்கும் நிம்மதி. எனக்கும்தான்.

எண் இல்லாத சேதி

கடைசிச் சோதனை. புது முறை தனியாக நிற்கிறதா என்று பார்க்க, அன்று ஒரு நாள் சங்கை அணைத்து வைத்திருந்தார்கள். காலையில் அறிவிப்பும் ஆகிவிட்டது. நான் ஒவ்வொரு கண்டெய்னராகக் கொன்றுகொண்டே சோதனைச் சேதிகளை விட்டுக்கொண்டிருந்தேன். என் சேதிகளுக்கெல்லாம் வரிசை எண் உண்டு. பலகைகள் சிவந்தன, அணைந்தன. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மதியம், என் திரையில் எண் இல்லாமல் ஒரு சேதி ஓடியது. கம்ப்ரஸர் அறைச் சென்சார். நான் அனுப்பியதல்ல. பக்கத்திலேயே எல்லாப் பலகையும் பெற்றுக்கொண்டதாகப் பச்சைக் குறிகள் வரிசையாக விழுந்தன. எழுதி வைத்தது போல, ஒரு பிழையில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முற்றத்தில் ஒருவரும் இல்லை.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. காப்பகத்துக்குப் போகிற வழியில்தான் உரிக்கும் ஹால். கதவைத் தள்ளினேன். பலகை தலைக்குமேல் சிவந்து கீச்சிட்டுக்கொண்டே இருந்தது. கீழே கைகள் இறாலை உரித்துக்கொண்டிருந்தன. "இன்னா மேடம், சோதனைக்கு நீங்களே ஓடியாந்துட்டீங்க" என்று யாரோ கேட்க, நாலைந்து பேர் சிரித்தார்கள். நிஜம், கசிவு, வெளியே போங்கள் என்றெல்லாம் சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. வாயில் வந்தது வேறு. "அக்கா, பசங்க அங்க இருக்கு" என்றேன்.

செல்வி அக்கா என் முகத்தைப் பார்த்தார். அவர் பையனும் அங்கேதான். கையிலிருந்த இறால் தட்டில் விழுந்தது. அதற்குப் பிறகு யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

காப்பகத்தில் ஆயா ரமணம்மா பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்துத் தயிர்சாதம் ஊட்டிக்கொண்டிருந்தார். அவர் தலைக்குமேலும் ஒரு பலகை சிவந்திருந்தது. "சோதனைன்னு சொன்னாங்களேம்மா" என்றவர், எங்கள் பின்னாலேயே உள்ளே வந்த வாடையை முகர்ந்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "நைனா, எழுந்திரு, எழுந்திரு" என்று ஒவ்வொன்றாகத் தூக்கி நீட்ட நீட்ட, கையில் கிடைத்த பிள்ளையை வாங்கிக்கொண்டு ஓடினோம். நான் தூக்கியது யார் பிள்ளை என்றுகூடப் பார்க்கவில்லை. தியா வந்தது செல்வி அக்காவின் இடுப்பில், வாயில் சோற்றோடு. காற்று வரும் பக்கமாகக் கேட்டுக்கு வெளியே நின்றோம். எல்லோர் கண்ணிலும் எரிச்சல், தண்ணீர். பிள்ளைகள் இருமின. வேறொன்றும் ஆகவில்லை.

தணிகாசலம் அண்ணன் முகமூடி போட்டுக்கொண்டு போய் வால்வை மூடிவிட்டு வந்தார். அவரும் அன்று காலையிலிருந்து அறைப் பலகையைச் சட்டை செய்யாமல் வெளியே மீட்டர் பார்த்துக்கொண்டிருந்தவர்தான். கேட்டருகே தரையில் உட்கார்ந்து முகம் கழுவினார்.

"மெசேஜு வந்துச்சாமா?"

"வந்துச்சு அண்ணே. உடனே வந்துச்சு. எல்லாப் பலகைக்கும்."

முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "அப்பறம் நீ ஏன் ஓடியாந்த?"

கையெழுத்து

அறிக்கையில் எல்லாக் கட்டத்திலும் தேர்ச்சி. தொலைந்த சேதி ஒன்றுகூட இல்லை. முடிவு என்ற இடத்தில் நான் தோல்வி என்று எழுதினேன். கீழே மூன்று வரி: சங்கின் ஒயரை வெட்டக் கூடாது. சோதனையை முன்கூட்டிச் சொல்லக் கூடாது. ஒவ்வொரு தடவையும் எல்லோரும் எழுந்து வெளியே வர வேண்டும், இறால் கெட்டாலும் சரி.

நான் படித்தது கான்வென்டில். மணி அடித்தால் பாதி எழுதிய எழுத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நிற்க வேண்டும். ஏன் என்று கேட்டால் ஸிஸ்டர் பதில் சொல்ல மாட்டார். எனக்கு அப்போது எரிச்சலாக வரும். அறிக்கையை அனுப்பிவிட்டு, பள்ளியில் சொல்லும் ஜெபத்தை எத்தனையோ வருடம் கழித்து முணுமுணுத்தேன். பாதிக்கு மேல் நினைவில்லை. பிரகாஷ் சார் கோபப்படவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்: "சாப்ட்வேர் எல்லாத்துலயும் பாஸ் ஆயிருக்கே ஷீலா, நீ யாரை ஃபெயில் போட்டிருக்க?"

கேட்டுக்கு வெளியே

ஒயரை இன்னும் வெட்டவில்லை. வெட்ட மாட்டோம் என்றும் யாரும் சொல்லவில்லை. வேறு வேலை தேடச் சொல்கிறார் வீட்டுக்காரர். தேடினால் தியாவை மட்டும் வெளியே எடுத்தது போல ஆகும், அந்தப் பலகைக்குக் கீழே மற்ற பிள்ளைகள் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் என்று தோன்றுகிறது. அவரிடம் இதைச் சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

போன வாரம், கசிவுக்குப் பிறகு முதல் முறையாக, சொல்லாமல் சோதனை வைத்தோம். ஹால் முழுவதும் எழுந்து வந்தது. முனகிக்கொண்டேதான் வந்தார்கள். ரமணம்மா பிள்ளைகளைக் கயிற்றைப் பிடிக்க வைத்து ரயில் போல ஓட்டி வந்தார். செல்வி அக்கா ஈரக் கையுறையோடு என் பக்கத்தில் வந்து நின்றார். சோதனைதான் அக்கா என்று நான் மெதுவாகச் சொல்ல வாயெடுத்தேன். கையுறைக் கையாலேயே தடுத்துவிட்டார்: "சொல்லாத மேடம், சொன்னீன்னா அடுத்த தபா என் காலு எந்திரிக்காது."

சேதியைத் தொலைக்காமல் கொண்டு சேர்க்க எனக்குத் தெரியும். அது சேர்ந்த பிறகு ஒரு மனுஷி தட்டைக் கீழே போட்டு எழுந்திருக்க வேண்டிய அந்தக் கடைசி ஓரடி தூரத்துக்கு மட்டும், எந்தக் கம்ப்யூட்டரிலும் நகல் வைக்க முடியவில்லை.