தன் பெயரில் கேட்ட கோமதி அக்கா

செல்வம்தான் போன் செய்தான். காலையில் கிழக்கேகோட்டையில் விழிஞ்ஞம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். "மேடம், அக்கா போயிட்டாங்க. கழக்கூட்டத்துல மகன் வீட்டுல வச்சு. தூக்கத்துலயே" என்றான். பஸ் வந்து நின்று, போய்விட்டது.

கோமதி அக்காவை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். விழிஞ்ஞத்து மீன்பிடித் துறைமுகத்தில் அரசு நடத்திய சின்ன ஐஸ் ஆலையில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். படகுக்காரர்களுக்கு ஐஸ் டோக்கன் கொடுக்கும் ஜன்னலில் அக்கா, கணக்குப் பிரிவில் நான். அவருடைய அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து ஹோட்டல் வேலைக்கு வந்தவர். அக்கா பிறந்தது நகரத்தில், சாலை என்ற கடைத்தெருப் பகுதியில். படகுக்காரர்களிடம் மலையாளத்தில் சண்டை போட்டுக்கொண்டே என் பக்கம் திரும்பி, "மாலதி, சாப்பிட்டியா?" என்று தமிழில் கேட்பார். எங்கள் தொழிற்சங்கத்தின் செயலாளர் ஆன முதல் பெண் அவர்தான்.

ஒரு மழைக்காலக் காலையில் இயந்திர அறையில் அம்மோனியா கசிந்தது. உள்ளே இருந்தது இயந்திரம் இயக்கும் செல்வம் ஒருவன்தான். வெளியே இழுத்துப் போட்டபோது அவன் கண்கள் வெந்திருந்தன. உயிர் பிழைத்தான், ஒரு கண்ணின் பார்வை திரும்பவில்லை. அவன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே, வால்வைச் சரியாக மூடாதது அவன் குற்றம் என்று விசாரணை தொடங்கிவிட்டார்கள். வேலை போய்விடும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அதே அறைக்குள் மற்றவர்கள் மறுபடியும் போக வேண்டும் என்ற உத்தரவும் வந்தது.

அக்கா என்னையும் அழைத்துக்கொண்டு மேலாளரிடம் போனார். "அந்த வால்வை கடைசியா எப்ப டெஸ்ட் பண்ணினாங்க சார்?" என்று கேட்டார்.

மேலாளருக்குச் சிரிப்பு வந்தது. "யூனியன் சம்பளம் பத்திப் பேசட்டே, லீவு பத்திப் பேசட்டே. மெஷின்ல யூனியனுக்கு எந்தா காரியம்?"

"அந்த மெஷினுக்குப் பக்கத்துலதான சார் எங்க ஆளுங்க நிக்காங்க?"

"கோமதிக்கு அம்மோனியா பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது சார். அதனாலதான் கேக்கேன்."

தெரியாது என்பதை அவ்வளவு தலைநிமிர்ந்து யாரும் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. எங்களில் பலர் தெரிந்ததுபோல் காட்டிக்கொண்டே பாதி வாழ்க்கையைக் கழித்தவர்கள்.

அதையே கேட்டுச் சங்கத்தின் பெயரில் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பித்தோம். அது திரும்பி வந்தது. சட்டம் உரிமை கொடுப்பது குடிமக்களுக்கு, சங்கம் குடிமகன் ஆகாது என்று காரணம் சொன்னார்கள். அன்று மாலைக் கூட்டத்தில் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சங்கம் என்ற பெயருக்குள் நிற்பது எளிது. தனியாக ஒரு பெயர், ஒரு வீட்டு முகவரி என்றால் யார் முன்வருவார்கள்?

"சங்கம் ஆளில்லையாம். நான் ஆளுதானே? என் பேரைப் போடு மாலதி" என்றார் அக்கா.

அந்த மாதமே அக்காவுக்கு இடமாற்ற உத்தரவு வந்தது. வித்துராவுக்கு அப்பால் ஒரு மீன்குஞ்சுப் பண்ணை. கடலோரத்தில் ஐஸ் டோக்கன் கொடுத்தவர் மலையடிவாரத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போய்வந்தார். "அங்க காத்து நல்லா இருக்கு கேட்டோ" என்று சொல்வாரே தவிர, ஒரு நாளும் புலம்பவில்லை.

விசாரணை நடப்பதால் சொல்ல முடியாது என்று முதல் பதில் வந்தது. மேல்முறையீட்டிலும் அதையே சொன்னார்கள். கடைசியில் தகவல் ஆணையத்தின் முன் நின்றோம். நிர்வாகத்தின் சார்பில் வந்தவர் உதவிப் பொறியாளர் பிஜு. நிறைய விதிகளைச் சொன்னார். அக்காவின் முறை வந்தபோது, அவர் ஒன்றைத்தான் கேட்டார்.

"டெஸ்ட் எப்ப நடந்ததுன்னு சொன்னா, அந்த விசாரணை எப்படிக் கெட்டுப்போகும் சார்? அது மட்டும் சொல்லுங்க."

பிஜு காகிதத்தைப் புரட்டினார். ஆணையர் நிமிர்ந்து, "அவங்க கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க" என்றார். பிறகு பிஜு தாழ்ந்த குரலில், "டெஸ்ட் செய்ததாயிட்டு ரெக்கார்டு ஒண்ணும் இல்ல சார்" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் செல்வத்தின் வேலையைக் காப்பாற்றியது. அவன் மீதிருந்த குற்றச்சாட்டைக் கைவிட்டு, வாசல் காவலுக்கு எடுத்துக்கொண்டார்கள். சோதனை முடியும்வரை இயந்திர அறை பூட்டிக் கிடந்தது. இப்போது அங்கே கசிவு மணி இருக்கிறது. ஒவ்வொரு சோதனையின் முடிவையும் மலையாளத்திலும் தமிழிலும் சுவரில் ஒட்டுகிறார்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் அவரை ஒரு நல்ல தலைவி என்று சொல்லி நிறுத்தியிருப்பேன். நிர்வாகம் அடுத்ததாகப் பழியை பிஜுவின் தலையில் வைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் சங்க அறை வாசலில் வந்து நின்றார். "எங்கள அலைக்கழிச்ச ஆளுல்லா! இங்க எதுக்கு வந்தீரு?" என்று உள்ளேயிருந்து குரல் எழுந்தது. அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"டெஸ்ட் பண்ணணும்னு நீங்க மேல சொன்னீங்களா சார்?"

"எத்தற தடவை! எழுதியும் கொடுத்தேன் சேச்சி. யாரும் கண்டுக்கல."

"அப்ப அதையும் கேப்போம்."

அறையே கொதித்தது. அவர் நம் சங்கத்தில்கூட இல்லையே என்றார்கள். "கேக்குறதுல நம்ம ஆளு, அவங்க ஆளுன்னு உண்டா? உண்மை யாருக்கு வேணுமோ அவங்களுக்காகக் கேப்போம்" என்றார் அக்கா. மீண்டும் தன் பெயரிலேயே விண்ணப்பித்தார். பிஜு எழுதிக் கொடுத்தவையும், அவற்றை மேலே கிடப்பில் போட்டதும் வெளியே வந்தன. பிஜுவின் வேலை தப்பியது. அக்காவின் இடமாற்றம் மட்டும் கடைசிவரை ரத்தாகவில்லை. வித்துராவிலிருந்துதான் ஓய்வு பெற்றார்.

தைக்காட்டு மயானத்தில் பிஜு ஓர் ஓரமாக நின்று அழுதார். செல்வம் போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டான். இருவரையும் ஒன்றாகப் பார்த்தபோது, அக்கா என்ன செய்துவிட்டுப் போயிருக்கிறார் என்று எனக்கு மலைப்பாக இருந்தது.

அவரைப் பயமில்லாதவர் என்று அங்கே பலர் பேசினார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் ஆணையத்தில் அன்று அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். அந்தக் கேள்வியைக் கேட்கும்போது அவர் குரலில் துளி நடுக்கம் இல்லை. மேசைக்கு அடியில் என் மணிக்கட்டைப் பிடித்திருந்த கை மட்டும் சில்லிட்டு, விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. வெளியே வந்து டீ குடிக்கும்போது பார்த்தேன், அவருடைய விரல்கள் என் தோலில் சிவப்பாகப் பதிந்திருந்தன. அக்காவும் பார்த்தார். "வலிச்சுதா பிள்ள?" என்றார்.

அந்தப் பிடியைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன், அக்கா.