அக்கியின் தலையும் வாலும்

மாத்தளை டவுனில் கொச்சிக்காய்த் தூள் அரைக்கும் மில் நடத்தும் மேனகா யாருக்கும் அடங்காதவள். அவளையே ஓர் அக்கி படுக்க வைத்துவிட்டது. முதுகில் தொடங்கிய கொப்புளங்கள் இடது இடுப்பைச் சுற்றித் தொப்புளை நோக்கி வந்தன. தலையும் வாலும் சேர்ந்தால் உயிர் தங்காது என்று தெருவே சொன்னது.

வேலியோரப் பலாமரத்துக்காகச் சண்டை போட்டு, வருடக்கணக்காய்ப் பேசாதிருந்த பக்கத்து வீட்டு அண்ணி வேப்பிலையோடு வந்தாள். தினமும் கொப்புளங்களைப் பார்த்து, "இன்னும் சேரல, பயப்படாத" என்று சொல்லிக் கஞ்சி ஊட்டினாள். ஆஸ்பத்திரிக்கும் அவள்தான் கூட்டிப்போனாள்.

மேனகாவின் பயத்தைக் கேட்டு டொக்டர் சிரித்தார். "முள்ளந்தண்டுல இருந்து நரம்புங்க சோடி சோடியா வெளிய வருதும்மா. இடப்பக்கத்து நரம்பு நடு வயித்தோட முடிஞ்சிரும். வலப்பக்கத்துக்கு வேற நரம்பு. உங்களுக்கு இடப்பக்கத்து நரம்புலதான் கிருமி இருக்கு. அது சுத்தி வந்து சேராது."

மேனகாவுக்குப் போன உயிர் திரும்பியது. கதவுக்கு வெளியே, கஞ்சிப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு அண்ணி வாங்கில் உட்கார்ந்திருந்தாள்.

மேனகா குரலைத் தாழ்த்தினாள்.

"டொக்டர், இத எங்க அண்ணிக்கிட்ட மட்டும் சொல்லிறாதீங்க."