வரவேற்பு மேசைக்கு ஆள் எடுத்தோம்

ஆள் எடுக்கும் வேலையில் நல்ல பெயர் கிடைக்காது. வேலை கிடைத்தவர் மறந்துவிடுவார், கிடைக்காதவர் எவரும் மறக்க மாட்டார். இந்த நாற்காலியில் உட்கார்ந்து அவதிப்பட்டவர்களுக்கு நான் சொல்லவே வேண்டியதில்லை. இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்களில், புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் எனக்கு அந்த வேலை.

ஆங்கிலத்தில் புலி

எங்கள் பெரிய டாக்டர்தான் முதலாளி. வரவேற்பு மேசைக்கு ஆங்கிலத்தில் தேர்வு வைத்து, மார்க் வரிசைப்படி எடுக்கச் சொன்னார். எடுத்தேன். முதல் மார்க் வாங்கி மேசைக்கு வந்தவர் கட்டுரையில் புலி. திண்டிவனம் பக்கமிருந்து பஸ் பிடித்து வந்த ஒரு விவசாயி அவரிடம், "எலும்பு டாக்டரு எங்க இருக்காரு தம்பி?" என்றார்.

"ஆர்த்தோ ஓ.பி., ஃபர்ஸ்ட் ஃப்ளோர், லெஃப்ட்." தலைகூட நிமிரவில்லை.

விவசாயி என் பக்கம் திரும்பினார்: "ஏம்மா, இங்க தமிழ் தெரிஞ்சவங்க யாரையும் வேலைக்கு வெக்கலியா?"

கத்துவதற்கு ஓர் ஆள்

அந்த வேலையையே பரீட்சையாக வைக்கலாம் என்று டாக்டரிடம் சொன்னேன். அரை மனதாகத் தலையாட்டினார். வந்தவர்களை ஒவ்வொருவராக மேசையில் உட்காரவைத்தேன். எங்கள் ஆம்புலன்ஸ் டிரைவர், நோயாளியின் மகனாக வந்து கத்த வேண்டும். சிலர் பதிலுக்குக் கத்தினார்கள். ஒருவர் அழுதேவிட்டார்.

அரியாங்குப்பத்திலிருந்து செல்வி வந்திருந்தார். பிளஸ் டூ வரைதான் படிப்பு. மில் மூடி கணவருக்கு வேலை போயிருந்தது. டிரைவர் மேசையைத் தட்டி, "எங்கம்மா உள்ள கெடக்குது, ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க!" என்று கத்தினார். செல்வி எழுந்து அவர் பக்கமே வந்துவிட்டார். "அண்ணே, உக்காருங்க. அம்மா பேரச் சொல்லுங்க, நானே உள்ள போய்க் கேட்டுட்டு வந்துடறேன்."

டிரைவர் உட்கார்ந்துவிட்டார். பிறகு என்னிடம் வந்து சொன்னார்: "நடிப்பே மறந்துபோச்சு மேடம், நெஜமாவே எங்கம்மா பேரச் சொல்லிட்டேன்."

டாக்டர் வீட்டுப் பெண்

செல்வி வந்தபின் என்னிடம் வரும் புகார்கள் குறைந்தன. மற்ற பிரிவுகளிலும் இந்த முறையைக் கேட்டார்கள். நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தேன்.

அடுத்த முறை டாக்டரின் அண்ணன் மகள் வந்தாள். அவளுக்கும் அதே பரீட்சை. டிரைவர் கத்தத் தொடங்கியதும் "செக்யூரிட்டி!" என்று கூப்பிட்டாள். தேறவில்லை என்று எழுதிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று என் சாப்பாட்டு டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

டாக்டர் கூப்பிட்டார். "எழுதுனத மாத்த முடியாதா?"

"மாத்துனா, தேறி வந்தவங்க எல்லாருக்கும் என்ன மரியாதை சார்?"

டாக்டர் என் எதிரிலேயே போனை எடுத்தார்: "அண்ணே, பாப்பாவுக்கு இது சரிப்படாது. நான் சொல்லல, எங்க பரீட்சை சொல்லுது."

என் பரீட்சை அன்று 'எங்க பரீட்சை' ஆனதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். என்ன, அந்த அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்கு ஆஸ்பத்திரியில் எனக்கு மட்டும்தான் பத்திரிகை வரவில்லை.