தங்கையின் சிறுநீரகத்தோடு வந்த விருந்தாளி

டிரைவிங் ஸ்கூலில் அவருக்கு ‘பிரேக் வாத்தியார்’ என்று பெயர். ஓட்டப் பழகுகிறவர் கியரைத் தொடுவதற்குள் தன் பக்கத்து பிரேக்கில் கால் வைத்துவிடுவார். அவ்வளவு பயந்த சுபாவம். அவருடைய சிறுநீரகங்கள் பழுதாகி, தங்கை தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்த பிறகு பயம் இரட்டிப்பானது. வந்த உறுப்பை உடம்பு விரட்டிவிடாமலிருக்கத் தினமும் இரண்டு வேளை மாத்திரை. கடிகாரம் தப்பினாலும் அவர் தப்பமாட்டார்.

தங்கை கணக்கு டீச்சர். போனில் அண்ணனை விசாரிக்கவே மாட்டாள். "என் கிட்னி எப்படி இருக்கு? இரவல் பொருள், பத்திரம்!" என்பாள்.

ஆபரேஷன் முடிந்த பதினோராம் மாதம், சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் ஏறியிருந்தது. வலியில்லை, காய்ச்சலில்லை. சிறுநீரகத்தில் ஊசி குத்தித் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். முடிவு கேட்க இருவரும் டாக்டரம்மா எதிரே உட்கார்ந்தார்கள்.

"பி.கே.ன்னு ஒரு வைரஸ். நிறையப் பேருக்குள்ள சின்ன வயசுலயே வந்து கிட்னியில சத்தமில்லாம படுத்திருக்கும். மாத்திரை உங்க எதிர்ப்புச் சக்தியை அடக்கி வச்சிருக்கில்ல, அதான் எழுந்துடுச்சு."

"கண்டதையும் தின்னிருப்பான் டாக்டர்," என்றாள் தங்கை.

"சாப்பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லம்மா. பெரும்பாலும் கொடுத்தவங்க கிட்னியோடவே வரும்."

அண்ணன் மெல்லத் திரும்பினார். "இரவல் கொடுக்கறப்ப உள்ள ஆள் இருக்கான்னு பார்க்க மாட்டியா?"

அவள் சிரிக்கப் போய் அழுதுவிட்டாள். "நான் தெரிஞ்சா கொடுத்தேன்?"

"அட அசடே, சும்மா சொன்னேன்," என்று பதறிக் கைக்குட்டையைத் தேடினார்.

வைத்தியம்தான் அவரைக் கலங்கடித்தது. மாத்திரையைக் குறைக்க வேண்டுமாம்.

"குறைச்சா உடம்பு கிட்னியைத் தள்ளிடுமே?"

"அந்தப் பயமும் இருக்கு. அதனாலதான் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கிறோம். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் பார்ப்போம். நீங்களா ஒண்ணும் மாத்தக் கூடாது."

ஒரு மாத்திரை குறைந்த முதல் நாள், வீட்டில் எதையோ தொலைத்தவர் மாதிரி சுற்றிச் சுற்றி வந்தார். மாதங்கள் போயின. வைரஸ் எண்ணிக்கை இறங்கி இறங்கி, மாத்திரையைக் குறைத்த ஏழாம் மாதம் இல்லையென்றே வந்தது. கிரியாட்டினினும் இறங்கியது, ஆனால் பழைய இடத்துக்கு வரவில்லை.

தங்கை ரிப்போர்ட்டை மூன்று முறை படித்தாள். "முன்ன இருந்த அளவுக்கு வரலையேண்ணா."

"வராட்டி என்ன? இதை வச்சே பல வருஷம் ஓட்டிக் காட்டுறேன் பாரு," என்றார். அவள் ரிப்போர்ட்டை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு அவரோடு பஸ் நிறுத்தம்வரை நடந்தாள்.